மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் பகுப்பாய்வு இரசாயனவியற் கல்வி

ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லும் இயல் பகுப்பாய்வு இரசாயனவியல். மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில் பல்கலைக்கழக மட்டத்தில் இரசாயனவியலைக் கற்கும் வாய்ப்பு 1981இல்தான் வந்தது. அதற்கு முன் இங்குள்ள மாணவர் கொழும்புக்கோ பேராதனைக்கோ, 1974க்குப் பின் யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டியிருந்தது.

பாடசாலை மட்டத்தில் விஞ்ஞானக் கல்வி இங்கு முந்தியே வேரூன்றியிருந்தது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்று யாழ்ப்பாணத்தில் அப்பாடத்தைக் கற்பித்தவர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்குவதிலும் முன்னின்றார். யாழ்நூல் என்னும் இசைநூலின் ஆசிரியராக மட்டும் அவரை நினைப்பது போதாது.

1981 ஓகஸ்டில் வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானம், விவசாயம் ஆகிய இரு பீடங்களுடன் தொடங்கியது. 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நான்கே ஆண்டுகளில், போரின் நடுவே, அந்த வளாகம் அகதி முகாமானது. 1990 செப்டெம்பர் 5 அன்று அங்கிருந்து 158 பேரை இலங்கைப் படையினர் பிடித்துச் சென்றனர், அவர்கள் திரும்பவேயில்லை. இங்குள்ள எந்தப் பாடத்தின் வரலாறும் அந்த நாளைத் தாண்டிச் சென்றுவிட முடியாது.

பகுப்பாய்வு இரசாயனவியலுக்கு வாவியைவிடச் சிறந்த மாதிரிப்பொருள் கிடையாது. சுமார் 56 கிலோமீற்றர் நீண்ட இந்நீர், முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஒரு தன்மை, அடைபட்டிருக்கும்போது வேறு தன்மை. மாரியில் உவர் தணியும், கோடையில் ஏறும். அந்த உவரை, நீரிலுள்ள குளோரைட்டின் வழியே அளக்க 1856இல் ஜெர்மானியர் மோர் வகுத்த நியமிப்பு முறையே இன்றும் போதும். நீர் மாதிரியில் சில துளி பொற்றாசியம் குரோமேற்று விட்டால் மஞ்சளாகும். அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்று சொட்டச் சொட்ட வெள்ளி குளோரைட்டு வெண்மையாய்த் திரளும். குளோரைட்டு தீர்ந்த கணத்தில், குலுக்கினாலும் கலையாத செந்நிறம் தோன்றும், அங்கே நிறுத்தவேண்டும். ஒரு துளி மிஞ்சினாலும் கணக்குப் பிழைக்கும். கோடை நீரை முதலில் ஐதாக்கிக்கொள்ளாவிட்டால் அளவியை மீண்டும் மீண்டும் நிரப்ப நேரும். கரைந்த ஒட்சிசனை அளக்க ஹங்கேரியர் விங்க்லர் 1888இல் தந்த முறையோ வாவிக்கரையிலேயே தொடங்குகிறது: குப்பியில் குமிழி சிக்காமல் நீரெடுத்து, அங்கேயே மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் சேர்த்து ஒட்சிசனைப் பிணைத்துவிடவேண்டும். ஆய்வுகூடம் வரும்வரை பொறுத்தால் அளவு மாறிவிடும்.

அளந்து பார்ப்பதன் தேவை வாவிக்கு வெளியேயும் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. இறைத்துக் கொட்டினால் நன்னீர் ஊறும் என்று பலரும் நம்பினர். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் மட்டக்களப்பு மாவட்டக் கிணறுகளில், உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனைத் தொடர்ந்து அளந்தபோது, இறைப்பு நிலையான பயன் தரவில்லை என்பது தெரிந்தது. நிலத்தடியில் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். உப்பைக் கழுவியது வடகீழ்ப் பருவமழைதான்.