திண்ணைப் பள்ளியில் எழுத்து வந்த வரிசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை தமிழ்நாட்டுச் சிறுவர்கள் எழுத்துப் பழகியது திண்ணைப் பள்ளிக்கூடங்களில்தான். வாத்தியார் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என்று இடம் ஊருக்கு ஊர் மாறும். ஐந்து வயதையொட்டி, பெரும்பாலும் விஜயதசமியன்று, பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அங்கே கல்வி நடந்த வரிசை இன்றைய வகுப்பறையின் வரிசைக்கு ஏறக்குறைய நேர்மாறானது. முதலில் கை பழகியது. பிறகு நாவும் நினைவும் பழகின. முன்பின் கண்டிராத ஒன்றைக் கண்ணால் படித்தறியும் திறமை கடைசியில்தான் வந்தது.

தொடக்கம் மணலில். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து வாத்தியாரோ மூத்த மாணவனோ எழுத்தை வரையச் செய்வார். வாய் அந்த எழுத்தின் ஒலியைச் சொல்லும், விரல் அதை வரையும். பிழைத்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். எத்தனை முறை எழுதினாலும் காசு செலவில்லை. 1823இல் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கை இந்த முறையைத் தெளிவாக விவரிக்கிறது. ஐரோப்பியப் பிள்ளைகள் எழுத்துகளின் பெயரை ஒப்பித்துத் தொடங்க, இங்குள்ளவர்கள் எழுதியே எழுத்தை அறிகிறார்கள் என்பதை அவர் குறித்துவைத்தார். அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, 1623இல், கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியர் பியட்ரோ டெல்லா வல்லே, கோயில் மண்டபமொன்றில் சிறுவர்கள் பாடத்தை இசையோடு பாடிக்கொண்டே மணலில் விரலால் கணக்கு எழுதுவதைப் பார்த்தார். வாத்தியார் அருகில் இல்லை. ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தார்கள்.

இந்த மணல் எழுத்து சென்னையிலிருந்து கடல் கடந்ததும் உண்டு. 1789இல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவு இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைச் செய்ய விரும்பினார். உதவி ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார், அவன் செய்துகாட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட்ட பிறகு, மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் நெடுங்காலமாகப் பார்த்துவந்த வேலைதான் அது.

கை ஓரளவு திருந்தியதும் ஓலை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தாணியை இடது கட்டைவிரலின் முனையில் அணைத்து, ஓலையை மெல்ல நகர்த்திக்கொண்டே கீற வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் எழுத்து விழாது. கீறியதைப் படிக்க, கரியும் பச்சிலைச் சாறும் கலந்த மையைத் தடவித் துடைப்பார்கள். கோட்டுக்குள் மட்டும் மை தங்கும்.

ஓலையின் இயல்பு வாசிப்பையே வேறுவிதமாக்கியது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைப்பதில்லை. ‘பந்தம்’ என்பது ‘பநதம’ என்றே நிற்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். ‘கொடு’ என்று படிப்பதா, ‘கோடு’ என்று படிப்பதா என்பதை எழுத்து சொல்லாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. இத்தகைய ஏட்டை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாது. என்ன எழுதியிருக்கிறது என்று ஏற்கெனவே பாதி தெரிந்தவர்தான் மீதியைப் படிக்க முடியும்.

மனப்பாடத்துக்கு அங்கே அவ்வளவு இடம் கிடைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஒருவன் அடியைச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், சதகங்கள், நிகண்டு என்று பாடம் ஏறும். எண்சுவடியில் முழு எண்களோடு கீழ்வாய் இலக்கமும் உண்டு: கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரிவரை வாய்பாடாகச் சொல்ல வேண்டும். பொருள் புரியாத செய்யுளைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள் என்று கேம்பெல் குறைகூறினார். அந்தக் குறை உண்மையானது. ஆயினும் நெஞ்சில் ஏறிய பாட்டுதான் பிற்பாடு ஏட்டைத் திறக்கும் மாணவனுக்குத் துணைநின்றது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசிப் படி ஊராரின் எழுத்தைப் படிப்பது. வாத்தியார் பல இடங்களிலிருந்து கடிதங்களையும் பத்திரங்களையும் சேகரித்து வைத்திருப்பார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. அவற்றைத் தடுமாறாமல் படிக்கவும், கடிதமும் ஒப்பந்தமும் தானே எழுதவும் தெரிந்தவனுக்குக் கணக்குப்பிள்ளை வேலையோ கடை வேலையோ கிடைக்கும். பலருக்கு அதோடு படிப்பு முடிந்தது.

தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு உள்ளான சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. உள்ளே வந்தவர்களுக்கும் பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. மணலையும் மனப்பாடத்தையும் பாராட்டுபவர்கள் இவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பழைய வரிசையைக் குலைத்தது அச்சு. ஏகார, ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்த மாற்றம் வீரமாமுனிவர் (1680–1747) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அதை நிலைக்கச் செய்தவை அச்சுப் புத்தகங்களே. அவற்றில் புள்ளி தவறாமல் வந்தது, சொற்கள் பிரிந்து நின்றன. முன்பு கேட்டறியாத சொல்லையும் ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம் என்பது அப்போதுதான் இயல்வதாயிற்று. 1860களில் அரசு, தேர்வு முடிவைப் பார்த்து நாட்டுப் பள்ளிகளுக்கு மானியம் தரத் தொடங்கியதும், அச்சுப் பாடநூலும் சிலேட்டும் திண்ணைக்கு வந்தன. ஓலை பின்வாங்கியது. எளிதாக எழுதவரும் ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கி ‘படம்’ என்ற சொல்லை உடனே படிக்கவைக்கும் பாடநூல்களும் பின்னாளில் வந்தன. அரிச்சுவடியின் அகரவரிசை அவற்றில் இரண்டாமிடத்துக்குப் போயிற்று.

கையெழுத்துக் கால வடிவங்கள் சில அச்சிலும் நெடுநாள் தங்கின. ணா, றா, னா ஆகியவற்றுக்குக் காலை ஒட்டிச் சுழித்த தனி உருவமும், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பும் இருந்தன. பிள்ளைகள் இவற்றை விதிவிலக்காகவே பழக வேண்டியிருந்தது. பெரியார் தம் இதழ்களில் 1930களிலேயே கைவிட்டிருந்த, இவை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய உருவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் நீக்கியது. அதன்பின் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் ஆகாரத்துக்கு ஒரே கால், ஐகாரத்துக்கு ஒரே குறி என்றாயிற்று.