வேலூர் எல்லப்பாவும் உழைப்போர் ஆடை வரலாறும்

தமிழர் ஆடை வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இலக்கியத்தையும் கோயிற் சிற்பங்களையுமே சான்றாகக் கொள்வர். உழைக்கும் மக்களின் உடையை அறியக் கம்பெனி ஓவியங்களும் துணைபுரிகின்றன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தஞ்சாவூர் முதலிய ஊர்களின் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக இவற்றைத் தீட்டினர். அவ்வோவியர்களுள் பெரும்பாலோர் பெயரறியப்படாதவர்.

1830களில் தொழிற்பட்ட வேலூர் எல்லப்பா இதற்கு விதிவிலக்காவார். ஓவியந்தீட்டும் நிலையில் அவர் தம்மையே வரைந்த படம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வகைத் தொகுப்புகளில் கணவனும் மனைவியும் தொழிற்கருவியுடன் இணையாக நிற்பதே பெருவழக்கு. தலைப்பாகையின் கட்டு, வேட்டியின் மடிப்பு, சேலையின் கரை ஆகியன நுட்பமாகக் காட்டப்பெறும். எனினும் சாதிக்கு ஓர் இணை என வகுத்தமை வாங்குவோரின் நோக்கிற்கு இயைந்ததாகும். ஒரே மாதிரியைப் பலமுறை படியெடுத்தலும் உண்டு. ஆதலின் இப்படங்களை அன்றாட உடையின் நேர்ப்பதிவாகக் கொள்ளலாகாது.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பெற்றது. எல்லப்பாவின் காலத்திற்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது, ஆலைத்துணியும் பரவியது. எனவே லெம்பா பெர்த்தாம் தோட்டத் தமிழரின் உடைக்கு இவ்வோவியங்கள் நேர்ச்சான்றாகா. ஒப்பீட்டிற்கான தொடக்கப் புள்ளியாகவே அமையும். எவை நீடித்தன, மலைக்குளிர் எவற்றைச் சேர்த்தது என்பதைக் குடும்பப் புகைப்படங்களும் மூத்தோர் நினைவுமே உரைக்கவல்லன.

கம்பெனி ஓவியங்களில் நிற்போருக்குச் சாதிப்பெயரோ தொழிற்பெயரோ உண்டு. சொந்தப் பெயர் பெரும்பாலும் இல்லை. தோட்டப் புகைப்படங்களுக்கும் அந்நிலை நேராதிருக்க, பெயர்களை அறிந்தோர் உள்ளபோதே அவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும்.