தளை: கயிற்றிலிருந்து மரபணு வரை

கேரளத்தின் வித்துராப் பக்கத்தில் தென்னையேறுவோர் காலில் மாட்டும் கயிற்று வளையத்துக்குத் தளப்பு என்று பெயர். நம் பனையேறிகளுக்கு அது தளைநார். மலையாளத்தில் காலில் அணியும் சிலம்பும் ‘தள’தான், யானையைக் கட்டுவதும் ‘தளய்க்கல்’தான். ஐகாரம் உதிர்ந்தும் வேர் உதிராத இந்த உறவைக் கேட்க எத்தனை இனிமை! நா அண்ணத்தை வருடப் பிறக்கும் ளகரம் ஒன்றே இச்சொல்லைத் தலையாகாமலும் தழையாகாமலும் காக்கிறது.

கட்டு என்ற பொருளில் கால்விலங்குக்குப் பெயரான இச்சொல், இதழோடு இதழ் பற்றி மூடிய மொட்டின் இறுக்கத்துக்கும் ஆகி, மலர்தலைத் தளையவிழ்தல் என்று சொல்ல வைத்தது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளை அடுக்கும்போது தனியே எண்ணாத, சீரோடு சீரைப் பிணிக்கும் தளையை, யாப்பருங்கலம் ஓர் உறுப்பாகவே வைத்தது. சீரின் பொருள் எதுவானாலும் தளைக்குக் கவலையில்லை. நின்ற சீர் எப்படி முடிகிறது, வரும் சீர் எப்படித் தொடங்குகிறது என்பதே அதற்குக் கணக்கு. வெண்பாவிலென்றால் மாமுன் நிரை, விளமுன் நேர்.

இதே கணக்கு மரபணுக்களைக் கோப்பதிலும் உண்டு. 2008இல் தொடங்கி, இன்று வித்துராவின் மருதாமலையில் நிற்கிறது திருவனந்தபுரம் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். அதே 2008இல்தான் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் எங்லரும் மரிலோனேயும் ‘கோல்டன் கேட்’ என்னும் மரபணுக் கோப்புமுறையை வெளியிட்டார்கள். வித்துராவை ஒட்டிய பொன்முடி மலையின் அடிவாரத்தில் நின்று அதைப் பொன்வாயில் என்று சொல்லத் தோன்றுகிறது. இதற்கு முன், 2003இல் டாம் நைட் வகுத்த ‘பயோபிரிக்’ முறையில் இரு டிஎன்ஏ துண்டுகள் சேருமிடத்தில், டிஎன்ஏவின் எழுத்துக் கணக்கில், எட்டெழுத்துத் தழும்பு நின்றுவிடும். பொன்வாயிலிலோ வெட்டும் நொதி தான் அடையாளம் காணும் ஆறெழுத்தைத் தாண்டி வெட்டி, நாம் விரும்பிய நான்கெழுத்து வாலை விடுகிறது. ஒன்றின் வால் அடுத்ததன் வாலுக்கு இணையானால்தான் கட்டு. ஆகவே தூண்டி (ப்ரமோட்டர்), மரபணு, முடிப்பு (டெர்மினேட்டர்) ஆகியவை ஒரே குழாயில் கலந்தாலும் தத்தம் வரிசையில் நிற்கின்றன. நான்கெழுத்து வால்கள் 256. தன்னோடு தானே தளைபடும் 16 வால்களைத் தள்ளினால் 120 இணைகள். 2011இல் வந்த ‘மோக்குளோ’, இப்படிக் கோத்த மரபணுக்களையே மீண்டும் கோத்துப் பல மரபணுத் தொடராக்கியது: சீர் அடியாகி, அடி பாவானதுபோல.

ஒட்டும் நொதியாகிய லிகேஸின் பெயரிலும் கட்டு என்னும் இலத்தீன் வேரே இருக்கிறது. அதைத் தளைநொதி என்று சொல்லிப் பாருங்கள், நாவில் எவ்வளவு இயல்பாக நிற்கிறது! வால் பொருந்தாமல் ஒரு துண்டு விட்டுப்போனால், அதற்கும் யாப்பாசிரியர்கள் சொல் வைத்திருக்கிறார்கள்: தளை தட்டிவிட்டது.