பகலில் செருப்பு, இரவில் கடற்கரை



மீன் வாங்கும்போது, வயிற்றில் இருப்பதை எடுத்து எறிந்துவிட்டுத்தான் கொடுக்கச் சொல்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஒருவர் அந்தக் கழிவைக் கேட்டு வாங்கினார். பெயர் தாமஸ் எட்வர்ட். தொழில், செருப்புத் தைப்பது.

1814-ல் பிறந்த எட்வர்ட், அபர்டீன் நகரில் வளர்ந்தார். உயிருள்ளது எதைக் கண்டாலும் கூடவே பள்ளிக்குக் கொண்டு போய்விடுவார். ஒரு பள்ளியில் பறவை, இன்னொன்றில் அட்டைகள் என்று ரகளையாகி, ஆறு வயதுக்குள் மூன்று பள்ளிகள் அவரை வெளியே அனுப்பிவிட்டன. படிப்பு அதோடு சரி. புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, 11 வயதில் செருப்புத் தொழில் பழகச் சேர்ந்தார்.

பிறகு பான்ஃப் என்ற கடலோர ஊரில் குடியேறினார். திருமணமான புதிதில் வாரக்கூலி 9 ஷில்லிங் 6 பென்ஸ். பிறந்த பிள்ளைகள் 11 பேர். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்ததும் காட்டுக்கோ கடற்கரைக்கோ கிளம்புவார். இருட்டிய பின் ஏதாவது பள்ளத்தில் படுத்துக்கொண்டு, விடிந்ததும் கொஞ்சம் தேடிவிட்டு வேலைக்குத் திரும்புவார். ஒருமுறை அவர் சேர்த்து வைத்த 900-க்கும் மேற்பட்ட பூச்சிகளை எலிகள் நாசம் செய்துவிட்டன. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

1846-ல் தன் சேகரிப்பை அபர்டீனுக்குக் கொண்டுபோய்க் கண்காட்சி வைத்தார். கூட்டம் வரவில்லை. கடன்தான் ஏறியது. மனமுடைந்து, உயிரை விடும் எண்ணத்தோடு கடற்கரைக்குப் போனார். அங்கே ஒரு பறவைக் கூட்டத்தில் இனம் தெரியாத ஒரு பறவை கண்ணில் பட, அதன் பின்னாலேயே நடந்ததில் வந்த காரியத்தை மறந்துவிட்டார். சேகரிப்பு 20 பவுன் 10 ஷில்லிங்குக்கு விலை போனது. வங்கியில் கணக்கெழுதிய பழக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: பல வருட உழைப்புக்குக் கிடைத்தது, அந்த வாரக்கூலிப்படி 43 வாரச் சம்பளம்.

பின்னாளில் உடல்நலம் குன்றியதும் கடல் உயிர்களின் பக்கம் திரும்பினார். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பிராணிகள் அவை. படகு இல்லை, கடலடியை அரிக்கும் வலையும் இல்லை. பழைய சட்டிகளில் கடற்பாசியையும் கந்தலையும் அடைத்துப் பாறைக் குட்டைகளில் போட்டு வைத்தார். ஆழ்கடலில் இருப்பதற்கு மீனின் வயிறுதான் வழி. அவருடைய மகள்கள் பக்கத்து மீனவ ஊர்களுக்குப் போய் அவற்றை வாங்கி வருவார்கள். கிடைத்தவற்றை ப்ளிமத் நகரிலிருந்த ஸ்பென்ஸ் பேட்டுக்கு அனுப்புவார். ஓட்டுடலிகளை ஆராய்ந்த இந்த அறிஞருக்குத் தொழில் பல் வைத்தியம்! அவற்றில் அதுவரை யாரும் பதிவு செய்யாத இனங்களும் இருந்தன. ஒன்றுக்கு எட்வர்டின் பெயரையே பேட் வைத்தார்.

1866-ல் லண்டனின் லின்னேயன் சொசைட்டி அவரை இணை உறுப்பினர் ஆக்கியது. ஆனாலும் வீட்டுக் கஷ்டம் தீரவில்லை. 1876-ல் சாமுவேல் ஸ்மைல்ஸ் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. விக்டோரியா மகாராணி ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை வழங்கினார். மறு வருடம், அன்று கண்காட்சிக்கு எட்டிப் பார்க்காத அதே அபர்டீன், 333 பவுன் திரட்டிக் கொடுத்துப் பாராட்டியது. அப்போது அவருக்கு வயது 62. 1886-ல் பான்ஃபிலேயே காலமானார்.

திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. அவருக்கு அறுபது வயது தாண்டும்வரை இல்லாமல் போனது, நின்று கேட்க நாலு பேர்தான். நம் வளாகத்திலும் மாடியில் பறவைகளைக் கணக்கெடுப்பவரோ, தோட்டத்துப் பூச்சிகளின் பெயரெல்லாம் தெரிந்த பணியாளரோ இருக்கலாம். லிஃப்டில் பார்த்தால் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அடுத்த இதழில் அவரைப் பற்றி எழுதலாம்.