யோசிச்சுக் களைச்சதா, இரத்தம் குறைஞ்சதா?

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தைப் பற்றி எழுதுவதற்காக அந்தக் கொட்டகைக்குப் பல தடவைகள் போயிருக்கிறேன். அப்படிப் போன ஒரு நாள், ஒரு அம்மா தன் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன். கண்விழித்தபோது என் தலை அவருடைய தோளில் இருந்தது. வெட்கத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உன்ர கண்ணுக்குள்ள இரத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில காட்டு" என்றார்.

அதற்கு முன்பு இரண்டு வருடங்களாக எனக்குக் களைப்பு இருந்தது. எட்டு மணித்தியாலம் தூங்கினாலும் விடியும்போது உடம்பு எழும்பாது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். வீட்டில் "யோசிக்கிறது கூடிப்போச்சு" என்றார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஆகவே அந்த விளக்கத்தை நானும் நம்பினேன். ஒரு வைத்தியர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், மன அழுத்தம்தான் என்று விற்றமின் குளிசை எழுதித் தந்தார். ஒரு துளி இரத்தமும் எடுக்கவில்லை.

அந்த அம்மா சொன்ன பிறகு வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன். ஹீமோகுளோபின் 7.9 என்று வந்தது. உடம்பில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 5. அறிக்கையைப் பார்த்த பெண் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கும்?" ஒன்பது நாள் என்றேன். அதை நான் ஒரு வருத்தமாக எண்ணியதே இல்லை. ஸ்கானில் கருப்பையில் கட்டிகள் இருந்தன. புற்றுநோய் அல்ல. ஆனால் மாதாமாதம் இரத்தம் போய்க்கொண்டிருந்ததற்கு அவைதான் காரணம்.

போரைக் கடந்து வந்தவர்களுக்குக் களைப்பு வந்தால் காரணம் மனதில்தான் என்று முடிவு கட்டுவது எங்கள் வழக்கம். சில வேளைகளில் அது சரி. ஆனால் அது சரியா என்று சொல்வதற்கு முன் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

முதலாவது, முழுக் குருதிக் கல எண்ணிக்கை. வைத்தியசாலையில் எப்.பி.சி என்பார்கள். ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இதே அறிக்கையில் எம்.சி.வி என்று ஓர் எண் இருக்கும். செங்குருதிக் கலங்களின் பருமன் அது. 80க்குக் குறைந்தால் கலங்கள் சிறியவை. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு முக்கிய காரணம். 100க்கு மேல் போனால் பி12 அல்லது போலிக் அமிலக் குறைவையும் சந்தேகிப்பார்கள்.

இரண்டாவது, பெரிட்டின். 15க்குக் குறைந்தால் இரும்புச்சத்துச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது இந்த எண் உயர்ந்து, குறைபாட்டை மறைத்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் எடுத்த முடிவை மட்டும் நம்ப முடியாது. கலங்கள் சிறியவையாக இருந்தும் பெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியாக் காவியா என்று பார்ப்பார்கள். காவிக்கு அது நோயல்ல, இரும்புக் குளிசையும் தேவைப்படாது. ஆனால் இரு காவிகள் மணம் முடித்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மூன்றாவது, தைரொயிட்டைப் பார்க்கும் ரீ.எஸ்.எச். தைரொயிட் சுரப்பு குறைந்தால் களைப்போடு உடம்பு பருக்கும், குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், தலைமயிர் கொட்டும், மனம் சோரும். இவற்றைக் கவலையின் அடையாளங்கள் என்று நினைப்பது மிகச் சுலபம்.

நான்காவது, வெறும் வயிற்றில் சீனியின் அளவு. 126க்கு மேல் இருந்தால், மீண்டும் சோதித்து சலரோகத்தை உறுதிப்படுத்துவார்கள். ஐந்தாவது, சிறுநீரகத்துக்கான கிரியற்றினின். சிறுநீரகம் பழுதானால் இரத்தம் உற்பத்தியாவதும் குறையும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருப்பதால் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் இதை விடக்கூடாது.

காயப்பட்டவர்கள் கவனிக்க வேண்டியவை

உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள், கால் இழந்தவர்கள் பலர் வருடக்கணக்காக மருந்துக் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போடுகிறார்கள். டைக்ளோபெனக், இபுபுரோபென் போன்றவை இரைப்பையில் புண் உண்டாக்கி, வெளியே தெரியாமல் இரத்தம் கசியச் செய்யலாம். சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஆகவே வைத்தியரிடம் போகும்போது போடும் குளிசைகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் குளிசையை மட்டும் எடுப்பது சரியல்ல.

வயிற்றில் காயப்பட்டு இரைப்பையையோ சிறுகுடலின் கடைசிப் பகுதியையோ வெட்டி அகற்றியவர்களுக்கு உணவிலுள்ள பி12 உடம்பில் சேராது. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் குறைபாடு காலம் கடந்துதான் தெரியவரும். களைப்பு, கால் விறைப்பு, மறதி என்பன அதன் அறிகுறிகள். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் சலரோகத்துக்கு நீண்ட காலம் மெற்போர்மின் எடுப்பவர்களுக்கும் இதே குறைபாடு வரலாம். பழைய சத்திரசிகிச்சைக் கடிதம் தொலைந்திருந்தாலும், இன்ன இடத்தில் வெட்டினார்கள் என்பதை வாயால் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது?

அரச வைத்தியசாலைகளில் பரிசோதனை இலவசம். ஆனால் பெரிட்டின், பி12 போன்றவற்றை எல்லா இடங்களிலும் செய்வதில்லை. முழு உடம்புக்குமான பரிசோதனைத் தொகுதி என்று தனியாரிடம் பெருந்தொகை கொடுப்பதற்கு முன், எது தேவை என்று வைத்தியரிடம் கேளுங்கள். "களைப்பாக இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மாதம், முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, மாதவிடாய் எத்தனை நாள், மலம் கறுப்பாகப் போகிறதா, நிறை குறைந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சீனி பார்க்க 8 மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். எப்.பி.சிக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு அறிக்கையையும் கிளினிக் கொப்பியோடு பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இரவில் வியர்வையும் இருந்தால் காசநோய்க்குச் சளியைச் சோதிக்க வேண்டும். நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், தார் போன்ற கறுப்பு மலம் இருந்தால் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

இரும்புக் குளிசை போடத் தொடங்கினால் மலம் கறுக்கும், பயப்படத் தேவையில்லை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காய், கொய்யா, நெல்லி உதவும். எண் சரியானதும் நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதமளவில் தொடரச் சொல்வார்கள். கட்டிகளுக்கும் சிகிச்சை எடுத்தேன். ஐந்தாம் மாதம் எனக்கு 12.3 வந்தது.

எல்லா முடிவுகளும் சரியாக வந்தால்? அப்போதும் உங்கள் களைப்பு பொய்யாகாது. மனத்துயர் எங்கள் சமூகத்தில் உடம்பு நோவாகவும் களைப்பாகவும் வெளிப்படுவதை யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் எழுதியிருக்கிறார்கள். மனச்சோர்வும் தூக்கமின்மையும் சிகிச்சை உள்ள வருத்தங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

எனக்குக் கண் பார்த்துச் சொன்ன அம்மாவும் களைப்போடுதான் இருந்தார். மகனை நினைத்துத்தான் என்று அவரே சொல்வார். நான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ரீ.எஸ்.எச் பல மடங்கு உயர்ந்திருந்தது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் எடுக்கிறார். கால் வீக்கம் வற்றிவிட்டது. கொட்டகைக்குத் தானே நடந்து வருகிறார்.

"இரத்தத்தைச் சோதிச்சு இன்ன வருத்தம் எண்டு சொல்லீட்டினம். என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு ஆர் சோதிச்சுச் சொல்லுவினம்?" என்று கேட்டார்.

மகனின் படம் இருக்கும் பையிலேயே இப்போது கிளினிக் கொப்பியையும் வைத்திருக்கிறார். இரண்டையும் அவர் தவறவிடுவதில்லை.