காந்தளின் நஞ்சும் நாடி நோயும்

குறிஞ்சிப் பாட்டிலே தலைவியும் தோழியும் கொய்து குவித்த 99 மலர்களை அடுக்கிச் சொல்லும் கபிலர், முதலில் நிறுத்துவது செங்காந்தளை. நம் நாட்டில் கார்த்திகைப்பூ என வழங்குவதும் அதுவே. கண்ணுக்கினிய அக்கொடியின் கிழங்கோ கொடிய நஞ்சு. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி அதனைத் தின்று மாண்டவர்கள் இலங்கையில் உண்டு. அந்நஞ்சின் பெயர் கொல்சிசீன். இன்று அதே பொருள் இருதய நாடிகளின் அழற்சியைத் தணிக்கும் மருந்தாகவும் வழங்கப்படுகிறது. நஞ்சு மருந்தான இவ்வரலாற்றினுள்ளே, அம்மருந்து யாருக்குச் சொந்தம் என்ற வினாவும் அடங்கியிருக்கிறது.

காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்த கொல்சிக்கம் என்னும் செடி, ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் பூப்பது. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்திய மருத்துவரான திரலஸ் நகர அலெக்சாந்தர் அவ்வினக் கிழங்கைக் கௌட் எனும் மூட்டு நோய்க்குக் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உசோன் என்ற பிரெஞ்சுப் படை அலுவலர், அதே நோய்க்கு ஒரு நீர்மருந்தைச் செய்முறையை மறைத்து விற்றார். அதில் இருந்தது கொல்சிக்கமே என 1814இல் இலண்டன் மருத்துவர் ஜோன் வான்ட் வெளிப்படுத்தினார். 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் செடியின் செயற்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1833இல் ஜேர்மானியரான கைகர் அதற்குக் கொல்சிசீன் எனப் பெயரிட்டார்.

நாடி நோயைப் பற்றிய அறிவு வேறொரு வழியில் வளர்ந்து வந்தது. 1848இல் மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலுக்கு வறுமையும் அடிமைத்தனமுமே வேர் எனத் துணிந்து எழுதிய உருடோல்ப் வீர்ச்சோவ், 1850களில் நாடிச் சுவர் தடிப்பதும் ஓர் அழற்சியே என்றார். அக்கருத்து நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. கொழுப்புப் படிவே நோயின் முழு விளக்கம் எனப் பலர் கொண்டனர். 1999இல் இரசல் றோஸ் எழுதிய கட்டுரை அழற்சியின் பங்கை மீண்டும் முன்னிறுத்தியது. கொழுப்புப் படிந்த சுவரில் வெண்குருதிக் கலங்கள் புகுந்து அழற்சியை மூட்டுகின்றன. படிவு வெடித்தால் குருதி உறைந்து நாடி அடைபடுகிறது. கொல்சிசீனோ கலத்தினுள் சட்டகம்போல் அமைந்த நுண்குழாய்கள் உருவாவதைத் தடுத்து, அக்கலங்களின் நடமாட்டத்தைத் தளர்த்துகிறது.

இவ்வாறு இரு வழிகளும் சந்தித்தன. 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், அவுஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 இருதய நோயாளர் பங்குகொண்டனர். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொல்சிசீன் பெற்றவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஒருசேர 31 வீதம் குறைந்தன. 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்பயன்பாட்டை அங்கீகரித்தது. ஆனால், மாரடைப்புற்ற 7,062 பேரிடம் நடந்து 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அத்தகைய நன்மையைக் காட்டவில்லை. அளவு சிறிது மிஞ்சினாலும் இது உயிர்கொல்லி. ஆகவே கிழங்கை வீட்டில் அரைத்துக் குடிப்பது மருத்துவமன்று, தற்கொலையே.

இனி விலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் கொல்சிசீன் மாத்திரை நெடுங்காலம் ஏறத்தாழ 9 சதத்துக்கு விற்றது. 2009இல் ஒரு நிறுவனம் புதிய சோதனைகளைச் சமர்ப்பித்து, அங்கீகாரத்தையும் சில ஆண்டுகளுக்குத் தனியுரிமையையும் பெற்றது. ஏனைய உற்பத்தியாளர் விலக்கப்பட்டனர். ஒரு மாத்திரை 4.85 டொலராயிற்று. அந்த 50 மடங்குக்கு மேற்பட்ட உயர்வு புதிய மருந்துக்கன்று. நூற்றாண்டுகளாக மக்கள் அறிந்திருந்த பழைய மருந்துக்கே. உசோன் செய்முறையை மறைத்துச் சம்பாதித்தார். இவர்கள் மறைக்கவும் வேண்டியிருக்கவில்லை, சட்டமே வேலியாக நின்றது.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இக்காந்தள் பயிரிடப்படுகிறது. பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டுவைக்கும் உழைப்பிலே காய் பிடிக்கிறது. விதைகள் வெளிநாட்டு மருந்துச் சாலைகளுக்குச் செல்கின்றன. விலையை நிர்ணயிப்பவர் அவ்வுழவர் அல்லர்.

கிழங்கின் குணத்தைக் கண்ட பெயரறியா மனிதர், அதைச் சோதித்த அறிஞர், தம் உடலைச் சோதனைக்கு ஈந்த நோயாளர், விதை விளைவிப்போர் ஆகிய அனைவரும் சேர்ந்து ஆக்கிய செல்வம் இது. அச்செல்வம் சிலரது இலாபத்துக்கு வேலியடைக்கப்படுவதை விஞ்ஞானத்தின் இயல்பென்று நம் மாணவர் கற்றுக்கொள்ளலாகாது. அது சமுதாய அமைப்பின் இயல்பு, மாற்றத்தக்கது.