வாணலி கிட்டாரும் கோட்டுவாத்தியமும்

ஒரு கிட்டாரை மடியில் மல்லாக்கப் போட்டு, இரும்புத் துண்டால் தந்தியை வழுக்கி வழுக்கி வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாப் ஸ்டீல் என்பார்கள். வயிற்றில் சல்லடை மாதிரி உலோக மூடி இருந்தால் அது ரெசனேட்டர். பார்த்த உடனே நம்மவர் ஒருவர், "அட, நம்ம கோட்டுவாத்தியம்! இங்கேருந்துதான் சுட்டுட்டுப் போயிட்டாங்க" என்பார். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

ஹவாயில் 1880களின் கடைசியில் ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளிச் சிறுவன் இந்த முறையை உருவாக்கினான் என்பதுதான் பலரும் ஒப்புக்கொள்ளும் வரலாறு. இந்தியாவிலிருந்து கப்பலில் போய்ச் சேர்ந்த கேப்ரியேல் டேவியன் என்பவர்தான் முன்னோடி என்று ஒரு கதையும் உண்டு. ஆதாரம் பலமில்லை. 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகம் பிடித்தது.

ஆனால் நடனக் குழுக்களின் ஊதுகருவிச் சத்தத்தில் கிட்டார் காதில் விழவில்லை. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யேரா, தந்திகளின் குதிரைக்கு அடியில் மெல்லிய அலுமினியக் கூம்புகளை வைத்தார். மின்சாரமே இல்லாத ஒலிபெருக்கி! 1927இல் நேஷனல் கம்பெனி இதை விற்றது. பிறகு சகோதரர்கள் சேர்ந்து செய்ததுதான் 'டோப்ரோ'. ஸ்லோவாக் மொழியில் 'நல்லது' என்று அர்த்தம். ஹொனலூலுவில் பிறந்த சால் ஹூப்பீ இந்த உலோகக் கிட்டாரில் ஜாஸ் வாசித்து அசத்தினார். 1932இல் ரிக்கன்பாக்கரின் மின்சார லாப் ஸ்டீல் வந்தது. அதன் உருவத்தைப் பார்த்து வாணலி என்றே பெயர் வைத்துவிட்டார்கள் :-)

சரி, நம்ம திருவனந்தபுரத்துக்கு வருவோம். திருவிடைமருதூரில் சகாராம ராவ் என்றொரு கோட்டுவாத்திய மேதை இருந்தார். அவரிடம் பயின்றவர்களில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் மைசூர், திருவிதாங்கூர் அரண்மனைகளில் வாசித்த கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார். இன்னொருவர் வாய்ப்பாட்டுக்காரர், செம்மங்குடி சீனிவாச ஐயர். 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைப் பள்ளிக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் முதல்வர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் 1963 வரை இருந்தவர் செம்மங்குடிதான். அவர் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது, எனக்குத் தந்தி மேல் ஓடும் கருங்காலிக் கட்டைதான் நினைவுக்கு வரும்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. லாப் ஸ்டீல்காரருக்கு இரும்பு பல தந்திகளை ஒரே நேரத்தில் மூடும் கருவி, கார்டு கிடைக்கும். ஜாஸின் சிக்கலான கார்டுகளுக்கு இரும்பைச் சாய்த்துப் பிடிப்பார். கோட்டுவாத்தியக்காரருக்குக் கார்டு வேண்டாம். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவிலுள்ள வழிதான் அவருக்கு ராகம். மெட்டுகள் இல்லாததால் கட்டை ஒரு நூல் தள்ளி நின்றாலும் அபஸ்வரம். கருவிப் பிடி ஒன்று, நோக்கம் இரண்டு. யாரும் யாரிடமும் திருட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு நதியும் பிறகு கலந்தன. பிரிஜ் பூஷன் காப்ரா ஹவாய் கிட்டாரில் ஹிந்துஸ்தானி வாசித்தார். விஸ்வ மோகன் பட் ரை கூடருடன் சேர்ந்து 1994இல் கிராமி வாங்கினார். 1995இல் வந்த 'மும்தாஜ் மஹால்' இசைத்தட்டில் ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹாலோடும் பட்டோடும் வாசித்தவர் ரவிகிரண், நாராயண ஐயங்காரின் பேரன். வாத்தியத்தின் பெயர் மட்டும் சித்ரவீணை என்று மாறியிருந்தது.

கிட்டார் கற்றுக்கொள்ள இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. கோட்டுவாத்தியம் வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "நாமதான் முதல்" என்று சண்டை போட்டு அந்த எண்ணிக்கை கூடப் போவதில்லை. உங்கள் பிள்ளை கிட்டார் வகுப்புக்குப் போகிறானா? சால் ஹூப்பீயைக் கேட்கச் சொல்லுங்கள். கையோடு நாராயண ஐயங்காரின் பழைய பதிவு ஒன்றையும் போட்டுக் காட்டுங்கள். எது எங்கே வழுக்குகிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.